நிழற்குடை ஊராட்சிக்கு, பேருந்து யாருக்கு?



உள்ளாட்சிப் பேருந்து என்று தலைப்பைச் சொன்னதும் இந்த உரைக்கு என்னை அழைக்க வந்த பேராசிரியர் கொஞ்சம் தயங்கினார். தமிழ்நாட்டில் எந்த நகராட்சியும் எந்த ஊராட்சியும் பேருந்து ஓட்டவில்லையே, இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது தானாக இல்லாமல் போகவில்லை. யாரோ, எப்போதோ எடுத்த முடிவுகளால் இல்லாமல் போனது. அந்த முடிவுகளுக்கு நாம் கொடுக்கும் விலையை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைப்பகுதிச் சாலைகளில் மூன்று ஷிப்டும் பார்க்கலாம்.

ஒரகடம் கூட்டுச்சாலையை எடுத்துக்கொள்வோம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் குறுக்கிடும் இடம். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்று பார்ப்பவர் யாரும் இந்த வட்டாரத்தில் பேருந்துக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார். வரிசை வரிசையாகப் போகின்றன. முன்கண்ணாடியில் கம்பெனியின் பெயர், பக்கத்தில் தட எண். நிறைந்து வழியும் வண்டியும் உண்டு, பாதி இருக்கை காலியாகப் போகும் வண்டியும் உண்டு.

அதே நேரம் நிழற்குடையில் யார் நிற்கிறார்கள்? கேன்டீனில் வேலை செய்யும் பெண்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், எறையூரிலிருந்தோ வைப்பூரிலிருந்தோ மருத்துவமனைக்குக் கிளம்பிய முதியவர், தாம்பரம் பக்கம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். அவர்களிடம் கம்பெனி அடையாள அட்டை இல்லை. ஆகவே கம்பெனி வண்டி அவர்களைக் கடந்து போகும், நிற்காது. ஓட்டுநர்மீது குற்றமில்லை. அந்த வண்டி ஓடுவது கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட்டில். ஒப்பந்தம் போட்டவரின் ஆட்களைத் தவிர வழியில் யாரையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆளேற்றி டிக்கெட் கிழிக்க வேறு பெர்மிட் வேண்டும், ஸ்டேஜ் கேரேஜ் என்று அதற்குப் பெயர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரண்டையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது. நிழற்குடையில் நிற்பவர் கடைசியில் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்.

இந்த வழித்தடம் வளர்ந்த வேகம் நமக்குத் தெரிந்ததுதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இவற்றோடு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், வல்லம் வடகாலில் யமஹா, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீளும். ஆலை வந்தபோதெல்லாம் அதனுடன் பேருந்தும் வந்தது. ஆலைக்கு வேண்டிய பேருந்து மட்டும் வந்தது.

தடம் ஆலையின் உடைமையாக இருப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆலை மூடினால் தடமும் மூடும். 2014 நவம்பரில் நோக்கியா உற்பத்தியை நிறுத்தியபோது நாம் வேலையிழப்பைப் பற்றிப் பேசினோம், பேசியாகவேண்டிய விஷயம். அன்றோடு நின்றுபோன தடங்களைப் பற்றி எங்கும் பேச்சில்லை. யார் பேசுவது? எந்த அரசுக் கோப்பிலும் அவை தடங்களாகப் பதிவாகவே இல்லை. 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை முடித்துக்கொண்டபோதும் இதே கதை.

மூன்றாவது விளைவு இன்னும் ஆழமானது. பேருந்து ஆலையினுடையது என்றால், பேருந்து எட்டும் இடத்தில்தான் தொழிலாளி குடியிருக்க முடியும். அதனால் படுக்கையும் ஆலையைச் சுற்றியே ஏற்பாடாகிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானதும், பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை, தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. பழைய விடுதிகளைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு நகரத்தளவு பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கவேண்டியிருப்பதற்கு, காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ வீடு எடுத்துக்கொண்டு காலை ஆறு மணி ஷிப்டுக்குத் தானாக வந்து சேர ஒரு பொதுப்பேருந்து இல்லாததும் காரணம்தானே?

சரி, ஊராட்சி என்ன செய்கிறது? நிழற்குடை கட்டுகிறது. நகராட்சி பேருந்து நிலையம் கட்டுகிறது, கடைகளை ஏலம் விடுகிறது, கழிப்பறைக்குக் குத்தகை விடுகிறது. தொட்டியைக் கட்டும் பொறுப்பு ஊருக்கு, குழாயைத் திறக்கும் உரிமை வேறு யாருக்கோ என்பது போல.

இந்தப் பிரிவினைக்கு நம் அரசியலமைப்பிலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்கள். அதில் 17ஆவது, தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் உள்ளிட்ட பொது வசதிகள். நிறுத்தம் இருக்கிறது, பேருந்து இல்லை. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 13ஆவது இனத்தைப் பாருங்கள். சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள், பிற போக்குவரத்து வழிகள். ஒரகடம் ஊராட்சி ஓடம் விடலாம் என்பதில் ஐயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதற்கும் தேவை வரலாம்.

ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக இங்கே வந்தேன். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் 42ஆவது உட்பிரிவு, அரசுப் போக்குவரத்து நிறுவனம் என்றால் யார் யார் என்று வரையறுக்கிறது. மத்திய, மாநில அரசுகள், 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த போக்குவரத்துக் கழகங்கள், அரசுக் கம்பெனிகள் என்று வரிசை போகிறது. அந்த வரிசையில் நகராட்சியும் உண்டு. கடைசியில் ஜில்லா பரிஷத், அதையொத்த பிற உள்ளாட்சி அமைப்பு என்றும் இருக்கிறது. சென்னையில் பேருந்து ஓட்டிய பல்லவன் கழகம் பெற்றிருந்த அதே தகுதியை, சட்டத்தின் கண்ணில், ஓர் ஊராட்சி ஒன்றியமும் கேட்டுப் பார்க்கலாம். நான் அறிந்தவரை தமிழ்நாட்டில் யாரும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு வரலாறு பதில் சொல்லும். சென்னையில் 1947இல் அரசே நகரப் பேருந்தை எடுத்து நடத்தத் தொடங்கியது. அதே 1947இல் அகமதாபாதில் ஏப்ரல் 1 அன்று நகராட்சிப் பேருந்து ஓட ஆரம்பித்தது. பம்பாயில் ஆகஸ்ட் 7 அன்று, சுதந்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு, மின்சாரமும் டிராமும் பேருந்தும் வைத்திருந்த பெஸ்ட் கம்பெனியை மாநகராட்சி விலைக்கு வாங்கியது. ஒரே ஆண்டில் மேற்கே ஒரு வழி, தெற்கே ஒரு வழி. கடல் தாண்டிக் கொழும்பு மாநகர சபைகூட 1953இலிருந்து 1964 வரை டிராலி பஸ் ஓட்டியது. நாமோ 1972இல் தனியார் வண்டிகளை நாட்டுடைமையாக்கி அரசுக் கழகங்களைத் தொடங்கினோம். பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று மன்னர்களின் பெயர்களை வைத்தோம். 1997இல் பெயர்கள் போயின, முடியாட்சி மட்டும் போகவில்லை. குக்கிராமத்துக்கும் பேருந்து போனது அந்தக் கழகங்களால்தான், அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தடம், எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு ஊருக்குள் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதும் அப்போதுதான். ஊர்க்காரர் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்பார், அவர் அமைச்சரிடம் கொடுப்பார், ஒரு நாள் கொடியசைத்து வண்டி வரும். இன்னொரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிக்கு வண்டி நடத்தும் பழக்கமே கிடையாது என்று சொல்பவர்களுக்குத் தஞ்சாவூரை நினைவூட்ட வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே வைத்திருந்தது. பேருந்து அல்ல, ரயில். நிலத்தீர்வையோடு ஒரு மேல்வரி வசூலித்துச் சேர்த்த பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை மீட்டர் கேஜ் பாதை போட்டு 1894இல் திறந்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அதை அறந்தாங்கி வரை நீட்டினார்கள். இன்று திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியே ரயிலில் போகிறவர் அந்த மேல்வரியின் மேல்தான் போகிறார். 1923இல் திறந்த திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையிலும் அங்கத்திய ஜில்லா போர்டுக்குப் பங்குண்டு.

தஞ்சாவூர் போர்டு செய்ததில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பாதை போர்டுடையது, ஆனால் வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. போர்டு உறுப்பினர்கள் எஞ்சின் டிரைவரை நியமிக்கவில்லை, பணிமனை கட்டவில்லை. எந்த ஊர் வழியாகப் பாதை போகவேண்டும், அதற்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானித்தார்கள். உள்ளாட்சியின் வேலை அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது. இன்றைக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 முதல் ஓட்டும் மின்சாரப் பேருந்துகளுக்கும் இதே கணக்குத்தான். வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரருடையவை. கழகம் ஓடிய கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கிறது, தடத்தைத் தன் கையில் வைத்திருக்கிறது. நூற்று முப்பது ஆண்டுப் பழைய யோசனை புதிய பெயரில் வந்திருக்கிறது.

நம் வழித்தடத்துக்குச் சரியான ஒப்பீடு புனேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட். அதுவும் வாகனத் தொழிலின் ஊர். ஒரு பக்கம் டெல்கோ, இன்னொரு பக்கம் ஆகுர்டியில் பஜாஜ், சுற்றிலும் உதிரிபாகப் பட்டறைகள். 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி என்னும் ஊர்களைச் சேர்த்து நகராட்சி ஆக்கினார்கள். ஒருவரும் அதைப் புனேவின் வால் என்று விட்டுவிடவில்லை. எழுபதுகளிலேயே அந்த நகராட்சி சொந்தமாகப் பேருந்து ஓட்டியது. பணம் எங்கிருந்து வந்தது? ஆலைகளுக்காக ஊர் எல்லைக்குள் வரும் சரக்கின்மேல் வசூலித்த ஆக்ட்ராய் என்னும் நுழைவு வரியிலிருந்து. ஆலையால் வந்த வருமானம் ஆலைக்குப் போகும் சாலையில் பேருந்தாக ஓடியது.

அங்கே எல்லாம் சுகமே என்று நினைத்துவிட வேண்டாம். 2007இல் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பேருந்துகளை இணைத்துப் பிஎம்பிஎம்எல் என்னும் கம்பெனி ஆக்கினார்கள். நட்டத்தில் புனேவுக்கு 60 சதவீதம், பிம்ப்ரிக்கு 40 சதவீதம் என்று பங்கு. அந்தப் பங்குக்காகச் சண்டை ஓய்ந்ததில்லை. இன்னொன்று, தொழிற்சாலைகள் மாநகராட்சி எல்லையைத் தாண்டிச் சாக்கனுக்கும், மென்பொருள் கம்பெனிகள் ஹிஞ்சவடிக்கும் போயின. எல்லைக்கு வெளியே ஓடும் வண்டியின் நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒரகடத்தில் இதே கேள்வி முதல் நாளே எழும். சிங்கப்பெருமாள்கோவில் செங்கல்பட்டு மாவட்டம், ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ஒரே சாலைக்கு இரண்டு ஆட்சியர்கள். ஸ்ரீபெரும்புதூர் நகராட்சி, இடையில் வரிசையாக ஊராட்சிகள், சிப்காட் எல்லைக்குள் வேறு நிர்வாகம். ஒரே ஓர் உள்ளாட்சி தனியாகப் பேருந்து விட முடியாது. விட்டால் வண்டி ஊர் எல்லையில் திரும்பி வரவேண்டியதுதான்.

பெஸ்ட்டின் கதை எச்சரிக்கை. அதன் மின்சார வருமானம் பேருந்து நட்டத்தை வெகுகாலம் தாங்கியது. அந்த வழி அடைபட்டதும் தள்ளாட்டம். 2019இல் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாய் ஆக்கினார்கள், மக்கள் மகிழ்ந்தார்கள். அதே காலத்தில் சொந்த வண்டிகளைக் குறைத்து ஒப்பந்த வண்டிகளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் சம்பளம் போதவில்லை என்று வேலையை நிறுத்தியபோது, பேருந்தில் மாநகராட்சியின் பெயர் எழுதியிருந்தும் மாநகராட்சியால் ஓட்டுநரோடு நேரடியாகப் பேச்சு நடத்த முடியவில்லை. 2025 மே மாதம் அந்த 5 ரூபாய் 10 ஆனது. கிலோமீட்டரை விலைக்கு வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டுநரின் கூலி என்ன என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், நிற்கும்போது எல்லா வண்டியும் சேர்ந்து நிற்கும்.

பிரிட்டனைப் பற்றியும் சுருக்கமாக. 1903இல் ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை ஊர்தான் உலகிலேயே முதன்முதலாக நகராட்சி மோட்டார் பஸ் விட்டது. மார்கரெட் தாட்சரின் அரசு 1985 சட்டத்தால் நகராட்சிப் பேருந்துகளைத் தனிக் கம்பெனிகளாகப் பிரிக்க வைத்தது, பல ஊர்கள் அவற்றை விற்றன, 2017இல் இன்னொரு சட்டம் இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கவும் தடை போட்டது, 2025இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நடுவில் விற்காமல் பிடித்துக்கொண்ட எடின்பரோ, நாட்டிங்ஹாம், ரெடிங் ஆகிய ஊர்களுக்குத்தான் இப்போது மற்ற ஊர்க்காரர்கள் பாடம் கேட்கப் போகிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 2022 ஜூலை 29 அன்று பாறசாலைப் பக்கம் கொல்லயில் ஊராட்சியில் கிராம வண்டி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வண்டி, ஓட்டுநர், நடத்துநர், பராமரிப்பு எல்லாம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையவை. டீசல் செலவு உள்ளாட்சியுடையது. எந்த வழி, எத்தனை மணி என்று கேட்கும் உரிமையும் உள்ளாட்சியுடையது. தஞ்சாவூர் போர்டின் கணக்கு மறுபடியும்.

இதை நம் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஒரகடம், வல்லம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்வந்து நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடட்டும். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு நாலாயிரம் ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். ஆண்டுக்குப் பதினைந்து லட்சம். ஆறு வண்டிக்குத் தொண்ணூறு லட்சம். ஊராட்சிக்கு அவ்வளவு பணம் எங்கே என்பீர்கள்.

தொழில் வரி என்று ஒன்று இருக்கிறது. சம்பளக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பார்கள். அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் இந்த வரி மாநில அரசுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு வருகிறது, ஆலை எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அதற்கு. சராசரியாக ஆயிரம் ரூபாய் பிடித்தாலும் பத்தாயிரம் பேருக்கு ஒரு கோடி. மேலே சொன்ன ஆறு வண்டிக்கு டீசல் போட்டு மிச்சமும் இருக்கும். பிரான்சில் 1971இலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் பாரிஸ் வட்டாரம், 1973இலிருந்து மற்ற நகரங்கள். பதினொருவர், அதற்குமேல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளக் கணக்கின்மேல் போக்குவரத்துக்கென்று வரி கட்டவேண்டும். அந்தப் பணம் உள்ளூர்ப் பொதுப் போக்குவரத்துக்கே போகும். ஒரு வித்தியாசம், அங்கே கொடுப்பவர் முதலாளி, இங்கே தொழிலாளி. அதற்காகவே சிப்காட் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. கம்பெனிகளுக்கும் இதில் நட்டமில்லை. பாதி காலியாக ஓடும் ஒப்பந்த வண்டிகள் சிலவற்றை அவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் வசூலை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த இழப்பை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. ஆகவே உள்ளாட்சி தனி வண்டி வாங்கி ஓட்டுவதைவிடக் கழகத்து வண்டிக்கு டீசல் போடுவது நல்லது. தனி வண்டி என்றால் கேன்டீன் பெண்களிடம் காசு வாங்கவேண்டி வரும். கட்டணமில்லாத பயணம் அவர்களுக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கும். 2025இல் அரசு தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டத்திலும் எனக்கு இந்தக் குறைதான். அது தனியார் வண்டி, தனியார் டிக்கெட். ஊராட்சியின் கையெழுத்து அதில் எங்கும் இல்லை.

இனி யார் கூடி முடிவெடுப்பது? சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள், ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதற்குள் வந்துவிட்டன. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமும் இருக்கிறது. அதன் அடியில் இந்த வழித்தடத்து உள்ளாட்சிகளுக்கென்று ஒரு சிறு குழு அமையட்டும். ஸ்ரீபெரும்புதூர் நகராட்சி, ஊராட்சி ஒன்றியங்கள், சிப்காட், மாநகரப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் அரசுப் போக்குவரத்துக் கழகம். கால அட்டவணையை ஆண்டுக்கு இரண்டு முறை அது கூடி எழுதட்டும். ஷிப்ட் நேரம் கம்பெனிகளுக்குத் தெரியும், பள்ளி நேரம் ஊராட்சிக்குத் தெரியும், வண்டி எத்தனை என்பது கழகத்துக்குத் தெரியும். இன்று இந்த மூன்று தகவலும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை.

என்னால் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பேருந்தில் ஏறப்போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே வாக்காளர்கள் இல்லை. வரி ஒரகடத்தில் பிடிக்கிறார்கள், வாக்கு திருவண்ணாமலையிலோ தென்காசியிலோ ஒடிசாவிலோ இருக்கிறது. உறுப்பினரானாலும் தலைவரானாலும் தனக்கு வாக்களித்த தெருவுக்குத்தான் முதலில் சிமென்ட் சாலை போடுவார், அது மனித இயல்பு. பிம்ப்ரியில் தொழிலாளிகள் குடும்பத்தோடு குடியேறினார்கள், வாக்காளர் ஆனார்கள், நகராட்சியைக் கேள்வி கேட்டார்கள். இங்கே ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறார்கள். பேருந்து வந்தால் குடியேறுவார்களா, குடியேறினால்தான் பேருந்து வருமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஒன்று மே 1 அன்று கூடுகிறது. அன்று ஆலைகளுக்கும் விடுமுறை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே தீர்மானம் கொண்டுவர முடியாது. பெயர் உள்ள மாணவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கும்போது தொழில் வரியாக எவ்வளவு வந்தது, எந்த ஆலையிலிருந்து வந்தது என்று தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த கேள்வியாகக் காலை ஐந்தரை மணி வண்டியைக் கேளுங்கள்.